அவரை பூக்கும் இருட்டு

ஐந்தாம் வரிசையில் மூன்று செடிகள் மட்டும் பூத்திருந்தன.

மற்ற வரிசைகளில் அவரைக்கொடிகள் பந்தல் கம்பியை மறைத்துக்கொண்டு பூத்துக் கிடந்தன. சிலவற்றில் பிஞ்சுகூட இறங்கிவிட்டது. ஐந்தாம் வரிசை மட்டும் இலையாகவே தழைத்து நின்றது. நோய் கிடையாது, பூச்சி கிடையாது, வாட்டமும் கிடையாது. சொல்லப்போனால் பக்கத்து வரிசைகளைவிடக் கொழுத்து வளர்ந்திருந்தது. ஆனால் பூ இல்லை. நடுவே, கூரையிலிருந்து இறங்கும் தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் இருந்த மூன்று கொடிகள் மட்டும், பக்கத்தில் நிற்பவர்களைப் பற்றி எந்தக் கவலையும் இல்லாமல் கொத்துக்கொத்தாகப் பூத்திருந்தன.

வடிவு வேர்களைக் கிளறிப் பார்த்தாள். உரத்தண்ணீரை மாற்றிப் பார்த்தாள். ஐந்தாம் வரிசை விளக்குப் பலகையைக் கழற்றி ஏழில் மாட்டி, ஏழில் இருந்ததை ஐந்தில் மாட்டினாள். ஏழாம் வரிசை முன்போலவே பூத்தது. ஐந்தாம் வரிசை முன்போலவே பூக்கவில்லை. அந்த மூன்றும் பூத்துக்கொண்டே இருந்தன. பூக்காத செடியைவிடப் பூத்த செடிதான் அவளை அதிகமாகத் தொந்தரவு செய்தது.

சாம்பல் வானத்தை மூடி இது மூன்றாவது வருஷம். கடலுக்கு அப்பால் எங்கோ அடுத்தடுத்து வெடித்த எரிமலைகளின் சாம்பல் அது. நடுப்பகலே விளக்கு வைக்கும் நேரம் போலத்தான் இருக்கும். மழை பொய்த்து, வயல் வெளிறி, கடற்கரையிலிருந்தும் ஆற்றோர ஊர்களிலிருந்தும் கிளம்பிய ஐம்பது குடும்பங்கள், மேற்கு மலைக்குள் யாரோ தண்ணீருக்காகத் தோண்டிப் பாதியில் விட்டுப்போன சுரங்கத்துக்குள் வந்து சேர்ந்தன. உள்ளே ஓர் ஓடை ஓடியது. அதில் ஒரு சுழலியை இறக்கினார்கள். அது கொடுக்கும் மின்சாரம்தான் அவர்களுக்குச் சூரியன். அந்தச் சூரியன் இனிப் பெரிதாகாது. குறைந்தாலும் குறையும்.

வடிவு முன்பு ஒரு வேளாண்மைக் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவள். அதனால் விளக்குப் பொறுப்பு அவளிடம் வந்தது. ஆளாளுக்குத் தூக்கி வந்த விளக்குகள் மலைபோலக் குவிந்திருந்தன: குழல் விளக்கு, குண்டு பல்பு, வெள்ளை எல்.இ.டி., மாடிவீட்டுக்காரர்கள் தொட்டிச்செடிக்கு வைத்திருந்த ஊதா விளக்கு. "எது நல்லா எரியுதோ அத மாட்டு தாயி" என்றார்கள்.

"நல்லா எரியுதுன்னு சொல்லுதது நம்ம கண்ணு. திங்கப்போறது செடில்லா?" என்றாள் அவள்.

அன்று அவள் பொறுமையாக விளக்கினாள். பெட்டியில் போட்டிருக்கும் வாட் என்பது செலவுக் கணக்கு, வரவு அதில் தெரியாது. லூமென் என்பது மனிதக் கண்ணின் தராசு. செடிக்கு வேறு தராசு வேண்டும்: இவ்வளவு மின்சாரத்துக்கு, இலை தின்னக்கூடிய ஒளித்துகள் எத்தனை? அந்தத் தராசில் வைத்தால் ஆழ்ந்த சிவப்புக்குத்தான் முதலிடம். அதோடு கொஞ்சம் நீலம், செடி நோஞ்சானாக நீண்டுவிடாமல் இருக்க. பச்சை கடைசி. பச்சை வெளிச்சத்தையும் இலை தின்னும்தான். ஆனால் பச்சை எல்.இ.டி.க்கு மின்சாரத்தை ஒளியாக மாற்றத் திறமை போதாது. சிவப்பு கொடுப்பதில் பாதிகூட அது கொடுக்காது. வெள்ளையும் சிவப்புக்குப் பின்னால்தான். ஆகவே வெள்ளை விளக்குகளை எல்லாம் மலைக்கு அந்தப்புறச் சுரங்கத்துக்காரர்களிடம் தள்ளிவிட்டு, சிவப்புப் பலகைகளாக மாற்றி வாங்கினாள். அதே மின்சாரத்தில் கீரை ஒன்றரை மடங்காக வந்தது. ஊரே அவளைக் கொண்டாடியது.

அன்றிலிருந்து எல்லோரும் ஊதா வெளிச்சத்தில் வாழ்ந்தார்கள். அதில் இலை கறுப்பாகத் தெரியும். வெள்ளைப் பூ ரோஸ் நிறத்தில் தெரியும். கஞ்சி என்ன நிறம் என்று யாருக்கும் தெரியாது. பழகிப்போனது.

பழகாதது பசி. கீரை வயிற்றை நிரப்பியது, உடம்பைத் தேற்றவில்லை. பிள்ளைகளின் கால் வீங்கத் தொடங்கியது. பருப்பு வேண்டும். கையில் இருந்த விதையோ கொடி அவரை. எந்தக் காலத்திலும் பூக்கும் குத்தவரை விதை ஒரு பிடி இருந்திருந்தால் இந்தப் பாடே இல்லை. கொடி அவரை, எந்த மாதம் ஊன்றினாலும், இரவு நீளும் கார்த்திகை மார்கழியில்தான் பூக்கும். வானமே தெரியாத சுரங்கத்தில் மார்கழியை மனிதர்கள்தான் செய்துகொடுக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் பதின்மூன்று மணி நேரம், இடையில் ஒரு பொட்டு வெளிச்சம் படாத முழு இருட்டு. அதற்குச் செடியிரவு என்று பெயர் வைத்தார்கள்.

விளக்குகளின் சூடு வேண்டும் என்று குடும்பங்களும் அதே கூடத்தின் ஓரங்களில், சேலைத் திரை கட்டிக் குடியிருந்தன. எனவே செடிக்கு எப்போது இரவோ அப்போது மனிதருக்கும் இரவு. பதின்மூன்று மணி நேரம் யார் தூங்குவார்கள்? முதல் பாதியில் பேச்சுத்தான். கதை, வம்பு, பாட்டு, ஜெபம். ஊர்க்கூட்டமும் அப்போதே நடந்தது. "வெளிச்சம் இருக்கையில வேலையப் பாருங்க. வாய்க்கு எதுக்கு வெளிச்சம்?" என்று ஞானதுரை அண்ணாச்சி கேட்டபோது எல்லோருக்கும் அது ரொம்பச் சரியாகப் பட்டது. பேச எழுபவர் முதலில் தன் பெயரைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் விதி.

சுரங்கத்துக்குத் தலைவரான அந்த அண்ணாச்சிதான் இப்போது வடிவுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"என்ன வடிவு, அஞ்சாவது வரிசை மட்டும் தபசு இருக்கோ?"

"பாத்துக்கிட்டிருக்கேன் அண்ணாச்சி."

"நீ பாத்துக்கிட்டே இருக்க. அது தழைச்சுக்கிட்டே இருக்கு." அவர் குரலில் கேலி அத்தோடு தீர்ந்தது. "நேத்து எம் பேத்தி ஜெபா கால அமுக்கிப் பாத்தேன். வெரல் பதிஞ்ச குழி அப்படியே நிக்கி. அவ கால்ல குழி விழுந்தா மேல வரவே மாட்டேங்கு. ஒரு வரிசைன்னா எத்தன பிள்ளைக்குப் பருப்பு? யாராவது செடியிரவ ஒடைக்கானா?"

"அப்படித்தான் எனக்கும் தோணுது."

"தோணுதா, தெரியுதா?"

"தெரிஞ்சதும் சொல்லுதேன்."

"சொல்லு. எவனா இருந்தாலும் வாய்முகாம்தான்."

வாய்முகாம் என்பது சுரங்க வாசல். சாம்பல் வடிகட்டிகளைத் தட்டிச் சுத்தம் செய்கிறவர்கள் அங்கே இருந்தார்கள். குளிர், புகை, ஓயாத இருமல். நெஞ்சு பலமில்லாதவர்கள் அங்கிருந்து திரும்பி வந்ததில்லை.

அவர் போன பிறகு வடிவு மறுபடி அந்த மூன்று செடிகளைப் பார்த்தாள். குழாயைப் பார்த்தாள். குழாய்க்குப் பின்னால் மூன்று செடி. பூத்த செடிகள் நிழலில் நின்றவை.

இருட்டில் எங்கிருந்தோ ஒரு வெளிச்சம் வருகிறது. அது படுகிற செடி பூக்கவில்லை. குழாயின் நிழலில் நின்றவை தப்பித்துவிட்டன. அப்படியானால் வேறு நிழலும் இருக்க வேண்டுமே? வரிசையின் கடைசிக்கு ஓடினாள். அங்கே ஒரு தண்ணீர் டிரம் நின்றது. அதற்குப் பின்னால் இருந்த கொடியில், டிரம்மின் உயரம் வரைக்கும் பூ, அதற்கு மேல் வெறும் இலை. கத்தியால் வெட்டியது போன்ற எல்லை. இத்தனை நாளும் கண்ணெதிரே இருந்திருக்கிறது. கறுப்பாகத் தெரியும் இலைக்கூட்டத்துக்குள் அவள்தான் கவனிக்கவில்லை.

இரண்டு சணல் கயிறு எடுத்தாள். ஒன்றை நடுச்செடியில் கட்டி, குழாயை உரசியபடி நேராக இழுத்துக்கொண்டு போனாள். மற்றதை டிரம்முக்குப் பின்னிருந்த செடியில், பூ நின்ற உயரத்தில் கட்டி, டிரம்மின் விளிம்பை உரசியபடி இழுத்தாள். வெளிச்சம் வளைந்து போகாது. ஆகவே இரண்டு கயிறும் எங்கே சந்திக்கிறதோ அங்கேதான் விளக்கு இருக்க வேண்டும். கயிறுகள் நடைபாதையைத் தாண்டி, ஒரு நீலச் சேலைத் திரையைத் தொட்டு, திரைக்கு அந்தப்பக்கம் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன.

அது சவேரியானும் பவுலினும் இருக்கும் இடம். இருவருக்கும் பிறவியிலேயே காது கேட்காது. அவன் சுழலி அறையில் வேலை பார்த்தான். அவள் நாற்று எடுத்து நடுவாள், சுரங்கத்தில் அவள் கைக்கு இணை கிடையாது. அவளுக்கு நெஞ்சுச் சளி உண்டு. அவள் இருமுவது கூடம் முழுக்கக் கேட்கும், அவளைத் தவிர.

வடிவுக்குக் கைப்பேச்சு தெரியாது. அடுத்த திரையில் இருந்த சவேரியானின் தங்கை பிலோமியைக் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே போனாள். பவுலின் கிழிந்த சட்டையைத் தைத்துக்கொண்டிருந்தாள். வடிவைப் பார்த்ததும் சிரித்து, உட்காரச் சொல்லிப் பாயைத் தட்டினாள்.

"கேளு பிலோமி. செடியிரவுல இங்க விளக்கு ஏதும் பொருத்துறாங்களா?"

பிலோமியின் கைகள் பேசின. பவுலின் கொஞ்சமும் தயங்கவில்லை. தலையணைக்குப் பக்கத்திலிருந்து ஒரு டப்பாவை எடுத்து நீட்டினாள். சைக்கிள் டைனமோவைக் கையால் சுற்றும்படி மாற்றி, கெட்டுப்போன விளக்குப் பலகையிலிருந்து பிழைத்த ஒரே ஒரு எல்.இ.டி.யை அதில் பற்றவைத்திருந்தார்கள். ஆழ்ந்த சிவப்பு. ஒளித்து வைக்கிற பொருளைப் போல அவள் அதைக் கொடுக்கவில்லை. கெட்டிக்காரத்தனத்தைக் காட்டுகிறவளைப் போலத்தான் கொடுத்தாள்.

பிலோமி மொழிபெயர்த்தாள்: "'எங்க வீட்டுக்காரர் செஞ்சது. ஒருத்தர் பேசையில மத்தவர் கையால சுத்துறோம், ஊர் கரண்டு ஒரு துளி தொடல'ங்கா."

"எதுக்காம்?"

இதற்குப் பவுலின் பதில் சொல்ல நேரமாயிற்று. கைகள் மட்டுமல்ல, புருவம், உதடு, தோள் எல்லாம் சேர்ந்து பேசின.

"'நீங்க எல்லாம் இருட்டுல பேசிச் சிரிக்கிய. தரை அதிருதது எங்களுக்குத் தெரியும். எங்க பேச்சு கண்ணுலதான் இருக்கு. வெளக்கு போயிட்டுன்னா எங்களுக்கு வாயும் போச்சு, காதும் போச்சு. மொதல்ல ஒருத்தர் கையில ஒருத்தர் எழுதிப் பாத்தோம். அது தந்தி அடிக்க மாதிரி. முகம் இல்லாமப் பேசுனா சண்டை போடுதாரா கொஞ்சுதாரான்னுகூடத் தெரியல'ன்னு சொல்லுதா." பிலோமி நிறுத்தினாள். "பெறகு சொல்லுதா, 'நடு இருட்டுல அவருக்கு முழிப்பு வரும், எனக்கும் வரும். ஒரு அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம். அவ்வளவுதான்.' இது எனக்கே தெரியாது வடிவக்கா. நான் தூங்கிருவேன்."

"ஏன் சிவப்பு?"

"'நீலமும் கெடந்துச்சு. நீலம் கண்ணக் குத்தும், திரை தாண்டித் தெரியும். சிவப்பு மங்கல்லா? அடுத்தவங்க தூக்கம் கெடக்கூடாதுன்னு சிவப்பா எடுத்தோம்'ங்கா."

வடிவு அந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு பவுலினைப் பார்த்தே சொன்னாள்.

"இலைக்குள்ள ஒரு பூட்டு இருக்கு. சிவப்பு வெளிச்சம்தான் அதுக்குச் சாவி. சிவப்பு பட்டா பூட்டு ஒரு பக்கமாத் திரும்பி, 'இன்னும் பகல்'னு நிக்கும். இருட்டானதும் தானா, ரொம்ப மெதுவா, மறுபக்கம் திரும்பும். முழுசாத் திரும்பி முடிஞ்சாத்தான் செடிக்கு 'இது நீளமான ராத்திரி, பூக்கலாம்'னு புரியும். நடுவுல கொஞ்சம் சிவப்பு பட்டாலும் போச்சு, மறுபடி மொதல்லேருந்து திரும்பணும். நம்ம கண்ணுக்கு இந்தச் சிவப்பு மங்கல். செடிக்கு இது சூரியன். துணியில மறைச்சாலும் ஊடுருவும். டார்ச்ச உள்ளங்கையில வச்சு அமுக்கினா வெரல் சிவப்பாத் தெரியுமே, அது மாதிரி."

பிலோமியின் கைகள் தடுமாறித் தடுமாறி அதைச் சொல்லி முடித்தன. பவுலினின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. எழுந்து திரையை விலக்கி ஐந்தாம் வரிசையைப் பார்த்தாள். அதை நட்டவளே அவள்தான். திரும்பி வந்து ஏதோ கேட்டாள்.

"'எங்களாலயா?'ங்கா."

"ஆமா."

"'பிள்ளைங்க பருப்பா?'"

வடிவு தலையசைத்தாள். ஆனால் உள்ளே ஒரு கோபம் மிச்சமிருந்தது. அது பிலோமியின் மேல் பாய்ந்தது. "எல்லாத்தையும் அன்னைக்கே சொன்னேம்லா? செடியிரவு ஏன், எதுக்குன்னு அவ்வளவு நேரம் விளக்குனேன். ஒரு பொட்டு வெளிச்சம்கூடக் கூடாது, சிவப்பு ரொம்ப மோசம்னு ரெண்டு தடவ சொன்னேன். இவங்ககிட்ட யாருமே சொல்லலையா?"

"எங்க வச்சு சொன்னிய?"

"ஊர்க்கூட்டத்துல."

"கூட்டம் எப்ப நடந்துச்சு?"

வடிவு மேலே எரிந்துகொண்டிருந்த ஊதா விளக்கைப் பார்த்தாள்.

"இருட்டுல," என்றாள் பிலோமி. "நீங்க இருட்டுல பேசுனிய. இவங்க பாட்டுக்குச் செவத்துல சாஞ்சு உக்காந்திருந்தாவ. மறுநாள் காலையில அண்ணன் என்ன விஷயம்னு கேட்டான். நீங்க சொன்னதுல பாதி எனக்கே புரியல, மீதியில தூங்கிட்டேன். கரண்ட்ட மிச்சம் பண்ணுதாவ போலன்னு கையக் காட்டிட்டுப் போயிட்டேன். அதான் அவன் கரண்டு செலவில்லாம வெளக்கு செஞ்சிருக்கான்."

அந்த டைனமோ டப்பா வடிவின் மடியில் கனத்தது.

அண்ணாச்சியிடம் சொல்லாமல் இருக்க முடியாது. சொன்னாள். அவர் கேட்டுவிட்டுத் தாடையைத் தடவிக்கொண்டார்.

"தெரியாமப் பண்ணுனதுதான். ஒத்துக்கிடுதேன். ஆனா நான் ஒருத்தனா மன்னிக்க முடியாது. பிள்ளையப் பெத்தவங்க எல்லாரும் இருக்காங்க. கூட்டத்துல வைப்போம். கூட்டம் முடிவு பண்ணட்டும்."

பவுலினும் சவேரியானும் பிலோமியோடு அங்கேயே நின்றிருந்தார்கள். பிலோமி கையால் சொன்னதும், சவேரியான் மனைவியை முந்திக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"என்னலா கேக்கான்?" என்றார் அண்ணாச்சி.

"'அந்தக் கூட்டமும் இருட்டுலதானா'ன்னு கேக்கான்."

பவுலின் இருமினாள்.

"மரப்பலகை அடிச்சு ஒரு அறை கட்டிக் குடுத்துருவோம் அண்ணாச்சி," என்றாள் வடிவு, மெல்ல. "ஒரு பொட்டு வெளிச்சம் வெளிய வராம. அதுக்குள்ள இவங்க பேசிக்கிடட்டும்."

பவுலின் அவள் உதட்டைப் படித்துவிட்டாள். வேண்டாம் என்று தலையாட்டினாள். அவள் கைகளை இந்த முறை பிலோமி வார்த்தை வார்த்தையாகச் சொன்னாள்: "'என் வீட்டுக்காரர்கிட்டப் பேச எனக்கு ஒரு அறை போதும். ஊர்ல என்ன பேசுதாவன்னு தெரிஞ்சிருந்தா நான் அந்த வெளக்கத் தொட்டிருக்கவே மாட்டேன். மறுபடியும் எங்கள ஒரு பெட்டிக்குள்ள போட்டுட்டு, நீங்க வெளியில முடிவு பண்ணப் போறியளா?'"

அண்ணாச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அஞ்சாவது வரிசை வழக்கு கூட்டம் வரைக்கும் நிக்கட்டும். நீ என்னமாவது யோசி வடிவு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் யோசித்தாள். கூட்டத்தை விளக்கு எரியும் நேரத்துக்கு மாற்றலாம். ஆனால் அது ஒரு கூட்டத்துக்குத்தான் ஆகும். ஊர்ப் பேச்சு என்பது கூட்டம் மட்டுமா? ஒவ்வொரு நாளும் அந்த இருட்டில்தான் கல்யாணம் பேசினார்கள், பிள்ளைக்குப் பெயர் வைத்தார்கள், செத்தவர்களை நினைத்து அழுதார்கள். அத்தனையிலும் இந்த இருவர் சுவரில் சாய்ந்து, தரை அதிர்வதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். வேண்டியது ஓர் அறை இல்லை. கூடத்தின் நடுவே, எல்லோர் முகமும் தெரிய எரியும் ஒரு விளக்கு. மனிதக் கண் பார்க்கும், அவரைக்கொடி பார்க்காத விளக்கு.

அந்த வாக்கியத்தை அவள் தனக்குள் இரண்டாம் முறை சொன்னபோது நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

இத்தனை காலமும் ஒரே தராசில் நிறுத்திருக்கிறாள்: இலை எதை அதிகம் தின்னும்? இப்போது கேள்வி தலைகீழ். எந்த நிறத்தில் கண் மிகக் கூர்மை, பூட்டு மிக மந்தம்? வெறுந்தரையில் விரலால் இரண்டு மேடு வரைந்தாள். கண்ணின் மேடு பச்சையில் உச்சிக்குப் போகிறது. பச்சை ஒரு கடுகளவு இருந்தால் போதும், கண் பிடித்துக்கொள்ளும். பூட்டின் மேடு சிவப்பில் உச்சி, பச்சையில் பள்ளம். பச்சை பட்டால் அது அசையவே அசையாது என்றில்லை. பளிச்சென்று காட்டினால் அசைந்துவிடும். மங்கலாகக் காட்டினால் அதற்குத் தெரியாது. கண்ணுக்கோ மங்கலே போதும். எல்லா விளக்குகளிலும் திறமை கெட்டது என்று அவள் ஒதுக்கிய நிறம் இந்த ஒரு வேலைக்கு மட்டும் மிகத் திறமையானது. செடிக்குச் சோறு போடத்தான் நிறையத் துகள் வேண்டும். முகம் பார்க்க எத்தனை வேண்டும்?

சுரங்கத்தில் பச்சை விளக்கு ஒன்றுகூட இல்லையென்றுதான் நினைத்தாள். சவேரியானிடம் பிலோமி கேட்டதும் அவன் சுழலி அறைக்குப் போய், பழைய மின்பெட்டிகளிலிருந்து பிடுங்கிய அடையாள விளக்குகளை ஒரு கை நிறைய அள்ளிக்கொண்டு வந்தான். பெட்டி வேலை செய்கிறது என்று காட்ட எரியும் குன்றிமணி அளவு பச்சைப் பொட்டுகள். அவற்றில் ஐந்தாறைப் பால்பவுடர் டப்பா மூடிக்குள் பதித்து, பக்கவாட்டில் வெளிச்சம் சிதறாமல் தகரத்தை மடித்துவிட்டார்கள்.

"ஒரு மாசம் குடுங்க அண்ணாச்சி," என்றாள் வடிவு. "அஞ்சாவது வரிசைப் பக்கத்துல மட்டும் இத எரிய விடுதேன். செடியிரவு முழுக்க."

"ஒரு பொட்டு வெளிச்சம் கூடாதுன்னு நீதான சொன்ன?"

"நான்தான் சொன்னேன். இப்ப வேற சொல்லுதேன்."

"தப்பாப் போச்சுன்னா?"

"அது ஏற்கெனவே பூக்காத வரிசை. புதுசா இழக்க ஒண்ணுமில்ல. பாதிச் செடிய முழுசா மூடி வைக்கேன், அதுக்கு எந்த வெளிச்சமும் கெடையாது. ரெண்டும் ஒண்ணுபோலப் பூத்தா பச்சையால கேடு இல்லன்னு அர்த்தம். மூடினது மட்டும் பூத்தா நான் சொன்னது தப்பு."

"தப்புன்னா அந்தக் கூட்டத்துல நானும் கைகட்டித்தான் நிக்கணும் தாயி," என்றார் அண்ணாச்சி. ஆனால் சரி என்றார்.

முதல் நாள் ஊதா விளக்குகள் அணைந்ததும், கூடத்தின் அந்த மூலையில் மட்டும் கிணற்றடித் தண்ணீர் போல ஒரு பச்சை மங்கல் தரையில் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் கண் பழகியது. சவேரியானும் பவுலினும் அதற்கு இருபுறமும் உட்கார்ந்தார்கள். முதலில் கைகள் மெதுவாக, நம்பிக்கையில்லாமல் அசைந்தன. பிறகு வேகம் பிடித்தன. அப்புறம் நிற்கவே இல்லை. பிலோமி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்ன பேசுதாவ?" என்று வடிவு கிசுகிசுத்தாள்.

"அதையெல்லாம் சொல்லக்கூடாதுக்கா. புருசன் பொண்டாட்டி பேச்சு." சற்றுப் பொறுத்து, "சண்டைதான். எவ்வளவு நாளாச் சேத்து வச்சிருந்தாளோ" என்றாள்.

இரண்டு மூன்று நாளில் மற்றவர்களும் அந்த மூலைக்கு நகர்ந்து வந்தார்கள். "பேய் மாதிரி இருக்கீரு ஓய்" என்று ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டார்கள். பிறகு கேலி நின்றது. பேசுகிறவன் முகம் எப்படி இருக்கும் என்பதே அவர்களுக்கு மறந்திருந்தது. மனைவி செத்ததைப் பற்றி ஒவ்வோர் இருட்டிலும் சிரிக்கச் சிரிக்கக் கதை சொல்லி வந்த ஒரு மனிதர், அந்தப் பச்சை வெளிச்சத்தில் வாயைத் திறந்துவிட்டு, எல்லோரும் தன்னைப் பார்ப்பதைக் கண்டு, சொல்லாமல் எழுந்து போனார். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு பேர் அவர் பின்னால் போனார்கள்.

அந்த மாதம் ஐந்தாம் வரிசையிலிருந்து ஒரு கைப்பிடிக்கு மேல் பருப்பு வரவில்லை. ஜெபாவின் கால் வற்றவில்லை. அண்ணாச்சி தினமும் வந்து வெறும் இலையைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார். அவர் கேட்டிருந்தால் வடிவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

முதல் மொட்டைப் பார்த்தது பவுலின். நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றப் போனவள் டம்ளரைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து வடிவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். இலைக் கக்கத்தில், அரிசி அளவில், கொத்தாக மொட்டுகள். வடிவு அதை நம்பாமல், மூடி வைத்திருந்த பாதிக்குப் போனாள். அங்கேயும் அதே அளவு, அதே கொத்து. ஒவ்வொரு கொடியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். வெளிச்சத்தில் நின்றதற்கும் மூடி நின்றதற்கும் எந்த வித்தியாசமும் இல்லை.

கூட்டம் அன்றைக்கே நடந்தது. பச்சை விளக்கைக் கூடத்தின் நடுவே தொங்கவிட்டார்கள். ஐம்பது குடும்பமும் அதைச் சுற்றி உட்கார்ந்தன. பிலோமி எல்லோருக்கும் முகம் காட்டி நின்றாள். அவளுக்கு எதிரே பவுலினும் சவேரியானும்.

பவுலின்தான் முதலில் எழுந்தாள். பெயரைச் சொல்லிவிட்டுப் பேச வேண்டும் என்பது விதி. அவள் நெஞ்சில் கைவைத்துத் தன் பெயருக்கான சைகையைக் காட்டினாள். அது அதுவரைக்கும் அங்கே அவள் வீட்டாரைத் தவிர யாருக்கும் தெரியாத பெயர்.

"'உங்க பிள்ளைங்க குடிக்கிற கஞ்சியத்தான் நாங்களும் குடிக்கோம்,'" என்று பிலோமி சொன்னாள். "'தெரிஞ்சிருந்தா கையக் கட்டிக்கிட்டு இருட்டுல உக்காந்திருப்போம். ஆனா தெரிஞ்சு உக்காந்திருந்தாலும் அது கஷ்டந்தான். அதையும் சொல்லணும்னு நெனைச்சேன்.'"

பெற்றவர்களில் ஒருத்தி எழுந்தாள். பெயரைச் சொன்னாள். பிறகு பவுலினைப் பார்த்துத் தன் நெஞ்சில் கைவைத்துவிட்டு உட்கார்ந்தாள். அண்ணாச்சி தொண்டையைச் செருமினார்.

"ஞானதுரை. விதியச் சொல்லாமலே, விதிய மீறுனான்னு யார அனுப்ப? யாரும் எங்கயும் போக வேண்டாம்." அவர் யாராவது மறுப்பார்களா என்று சுற்றிப் பார்த்தார். பார்க்க முடிந்தது. யாரும் மறுக்கவில்லை. "வடிவு, எந்திரி. அன்னைக்குச் சொன்னதத் திருப்பிச் சொல்லு. மெதுவாச் சொல்லு, பிலோமி கை நோவும்."

வடிவு எழுந்து பவுலினைப் பார்த்து நின்றாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பிலோமியின் கைகள் முடியும்வரை காத்திருந்தாள்.

"வடிவு. செடியிரவுல சிவப்பு விளக்கு வேண்டவே வேண்டாம். நீலமும் வெள்ளையும் வேண்டாம். பச்சை மட்டும் எரியலாம். மங்கலா, தகரம் மடிச்சு, தரையப் பாத்து, எதிர்ல இருக்கிற முகமும் கையும் தெரியுற அளவுக்கு. அத இருட்டு முழுக்க எரிய விடலாம், அவரை பூக்கும்."